இரண்டு சென்டிமீட்டர்

மீனை அளப்பதில் வித்தை ஒன்றும் இல்லை, சார்ஜென்ட். முதலில் பலகையை நனைக்க வேண்டும். காய்ந்த பலகை மீனின் வழவழப்பை உரித்துவிடும். பிறகு வாயை மூடி, மூக்கைப் பலகை முனையில் நிற்கும் தலைக்கட்டையோடு ஒட்டி வைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்து, அது தொடுகிற கோட்டைப் படிக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் சின்னதுதான் கணக்கு. அரை நிமிஷ வேலை. பெலிங்டன் அணை மீன்பிடிச் சங்கத்துக்காக இருபத்தெட்டு வருஷமாக அந்த அரை நிமிஷ வேலையைச் செய்துவருகிறேன். யாருக்கும் இளகியதில்லை. என் தங்கை புருஷன் பிடித்த மீனுக்கு அரைக் கோடு குறைந்தது என்று அவனை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

கெல்வின் டகன் செத்தது பற்றி நீங்கள் அறிக்கை எழுதுகிறீர்கள். போன வாரம் என் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நுரையீரல் கெட்ட மனுஷன், காலை எட்டே முக்காலுக்கே பெரிய மீன் ஒன்றைப் பிடித்துவிட்டவன், அந்தப் புழுக்கத்தில் மதியம் தாண்டியும் ஏன் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தான் என்று. அன்றைக்குத் தெரியாது என்றேன். தெரியும். சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

அணையில் கொடுவா மீன் தானாகப் பெருகாது. முட்டையிட அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். இங்கே நீந்துகிற ஒவ்வொரு மீனும் நாங்கள் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதுதான். 1989-ல் முதல் குஞ்சுகளை விட்டபோது நானும் கெல்லும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் பைகளை அவிழ்த்தோம். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. எல்லாம் தண்ணீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களுக்கு இடையே ஓடி மறைந்துவிட்டன. ஏழு வருஷம் கழித்து அந்த மரங்களுக்கு நடுவிலிருந்துதான் நான் முதல் மீட்டர் மீனைத் தூக்கினேன். நூற்று மூன்று சென்டிமீட்டர். கை முழுக்கத் தங்கூசி நூல் அறுத்த ரத்தம். கரையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அப்போது மீட்டர் என்றால் மீட்டர். கடலிலும் ஆற்றிலும் வாழ்நாள் முழுக்கத் தூண்டில் போட்டும் ஒரு மீட்டர் மீனைத் தொடாமல் செத்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். சங்கக் கட்டடத்தில் ஒரு மரப்பலகை மாட்டி, ‘மீட்டர்’ என்று மேலே எழுதி, முதல் பெயராக என் பெயரைப் பொறித்தார்கள். லைல் பாஸ்கோ, 103. நான்கு வருஷம் அதன் கீழே மூன்றே பெயர்கள்தான் வந்தன.

பிறகு மீன்கள் கொழுத்தன. அணையில் அதற்கு வேறு வேலை என்ன, தின்பதுதானே. பத்து வருஷத்தில் பலகை நிரம்பிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார், ரொட்டிக்கடைக்காரர் மனைவி, விடுமுறைக்கு வந்த பல் மருத்துவர் என்று எல்லாரும் மீட்டர் பிடித்தார்கள். நூற்றுப் பத்துதான் இனிக் கணக்கு என்று கூட்டத்தில் முடிவானது. நான் மறுத்துப் பேசவில்லை. அப்புறம் மீனைத் திரையில் காட்டுகிற கருவி வந்தது. எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் தெரியும். இரையை அதன் மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டால் போதும். நான்கு வருஷத்துக்கு முன் நூற்று இருபது என்று ஆக்கினார்கள். அதை முன்மொழிந்தவன் கெல்.

புதுப் பலகை மாட்ட இடம் வேண்டும் என்று பழையதைக் கழற்றிக் கழிப்பறைக்குப் போகும் நடையில், ஐஸ் பெட்டிக்கு மேலே சாய்த்துவைத்தார்கள். அந்த வருஷ விருந்தில் நான் ஏதோ அதைப் பற்றிக் கேட்டேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. கெல் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னான்: “ஒரு மீட்டர் மீனெல்லாம் இப்ப இரைக்குத்தான்டா ஆகும், லைல்.”

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் அப்படித்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவன். நானும் வைத்துக்கொள்ளவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு வேறு யாராவது இதை ஒரு காரணமாக உங்களிடம் சொல்லக்கூடும். இது காரணம் இல்லை.

கெல்லின் நுரையீரல் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கம். கடைசி இரண்டு வருஷம் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் உருளையுமாகத்தான் இருந்தான். மருத்துவர் அடுத்த கோடைக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. புதுப் பலகை நான்கு வருஷமாகக் காலியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற அணைகளில் நூற்று முப்பதே பிடிக்கிறார்கள். எங்கள் அணையில் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, அதற்கு மேல் ஏறவில்லை. அந்தக் காலிப் பலகையில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கெல் விரும்பினான்.

நவம்பர் ஐந்தாம் தேதி என் படகில்தான் போனோம். குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடியே வீசினான். ஏழு மணிக்கு ஒன்று மாட்டியது. இருபது நிமிஷம் இழுத்தான். தூண்டில் கழியை என்னிடம் கொடு என்று இரண்டு முறை கேட்டேன், தலையை ஆட்டி மறுத்தான். கைவலையில் அள்ளிப் பலகையில் கிடத்தினேன். தொண்ணூறுக்கு மேல் போனால் கொடுவா எல்லாம் பெட்டைதான். இது வயிறு புடைத்த கிழப் பெட்டை. மூக்கை ஒட்டினேன், வாலைச் சேர்த்தேன்.

“எவ்ளோடா?” என்றான்.

“நூத்திப் பத்தொம்போது.”

“மறுபடி பாரு.”

பார்த்தேன். அவனையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவன் தானே மூக்கைத் தொட்டுப் பார்த்தான், கட்டையோடு ஒட்டித்தான் இருந்தது. நூற்றுப் பத்தொன்பது. சீட்டில் எழுதினேன், சாட்சியாக நான், பிடித்தவனாக அவன், இருவரும் கையெழுத்துப் போட்டோம். மீனைத் தண்ணீரில் விட்டபோது அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கியது, அதனாலாக இருக்கும்.

மறுநாள் அவன் மனைவி ராய்லீன் வந்தாள். ஒரு புட்டி ரோசெல்லா ஜாம் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒரு சென்டிமீட்டர், லைல். தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்? அவன் வீட்டோட கெடப்பான். மறுபடி போனா திரும்பி வரமாட்டான்னு எனக்குத் தெரியுது.”

நான் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினேன். “இருபத்தெட்டு வருஷமா பலகையில இல்லாததை நான் படிச்சதில்ல, ராய்லீன். பொய் சொல்லி அவன் பேரை ஏத்தினா அது அவனுக்கே அவமானம்” என்றேன்.

“அவன் உன்னை நல்லவன்னு சொல்லுவான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜாமை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டாள். நல்ல ஜாம்.

இனி அளவுப் பலகைக்கு வருகிறேன்.

நூற்று இருபது என்று தீர்மானம் ஆனபோது பழைய அளவுப் பலகை நீளம் போதவில்லை. புதிது செய்யும் பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள். நல்ல மரமாக எடுத்து, இழைத்து, மூன்று பூச்சு வெள்ளை அடித்து, கோடுகளை நானே கறுப்பில் போட்டேன். தலைக்கட்டையைத் திருகும்போது அதைப் பூஜ்யத்தின்மேல் திருகவில்லை. பூஜ்யத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளித் திருகினேன். இடையில் இருக்கும் வெறும் இடம் தெரியாமல் ஒரு அலுமினியத் தகட்டை மடித்து அடித்தேன். மூக்கு கட்டையைத் தொடும், ஆனால் கணக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்கும். எந்த மீனை வைத்தாலும் இரண்டு குறைவாகக் காட்டும்.

கெல்லின் மீன் நூற்று இருபத்தொன்று.

கோபத்தில் செய்ததில்லை. சனிக்கிழமை காலை, வானொலியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, நிதானமாக உட்கார்ந்து செய்தேன். இவர்கள் ஒரு அளவை மதிக்காமல் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அளவுக்கு மரியாதை என்று ஒன்று வேண்டாமா? திரையைப் பார்த்துப் பிடிக்கிறவனுக்கு இரண்டு சென்டிமீட்டர் கழித்தால் நியாயம்தானே? நான் யாருக்கும் தனியாகப் பாரபட்சம் காட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே பலகை. ராய்லீன் கேட்டபோதும் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்கு மட்டும் மாற்றினால் மற்றவர்களுக்கு என்ன பதில்?

பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்குக் கெல் ஃபோன் செய்தான். கூட வருகிறாயா என்றான். முடியாது, மருத்துவர் சொன்னதைக் கேள் என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். “அப்ப பலகையையாவது குடுடா” என்றான். சங்கப் பலகையில் அளந்தால்தான் செல்லும் என்பது விதி. கேட்கிற உறுப்பினருக்குக் கொடுக்காமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. படகுத்துறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உருளையைப் படகில் ஏற்ற உதவினேன். ஒரே ஒரு உருளை. நான்கு மணி நேரம் தாங்கும் என்றான். ஆறே காலுக்குப் படகு கிளம்பியது. நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் சட்டைப் பையில் கிடைத்த சீட்டை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். எட்டே முக்கால், நூற்றுப் பதினெட்டு. ஒன்றரை, நூற்றுப் பதினேழு. நடுவில் ஒன்றும் இல்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அந்த முதல் வரிதான். அது நூற்று இருபது. சரியான பலகையாக இருந்திருந்தால் ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பான். இன்னும் இரண்டு சென்டிமீட்டர் எங்கோ மரங்களுக்கு நடுவில் நீந்துகிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தான்.

என் சமையலறை ஜன்னலிலிருந்து படகுத்துறை தெரியும். பதினொரு மணிக்கு அவன் வண்டி அங்கேயே நின்றது. ஒரு மணிக்கும் நின்றது. மேற்கே மேகம் கறுத்துவிட்டது. உருளை பத்தேகாலுக்கே தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் கெல் பிடிவாதக்காரன். நடுவில் போய்க் கூப்பிட்டால் கோபப்படுவான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கொஞ்சம் படுத்தேன். நான்கு மணிக்கு ராய்லீன் கதவைத் தட்டினாள். படகு இருந்த இடத்தை நான்தான் காட்டினேன். அவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்து, உட்கார்ந்தபடியே இருந்தான். கழி கையில் இருந்தது.

சவ அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், மரியாதைக்காக அவன் பெயரைப் புதுப் பலகையில் போடலாம் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நான் எழுந்து, கெல் பிச்சை வாங்குகிறவன் இல்லை என்றேன். எல்லாரும் தலையசைத்தார்கள். சிலர் அழுதார்கள்.

அவ்வளவுதான். பலகையைக் கொண்டுவந்திருக்கிறேன், வண்டியில் இருக்கிறது. தகட்டைக் கழற்றி உங்கள் சொந்த நாடாவால் அளந்து பாருங்கள். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கெல்லுக்காகத்தான் வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

இன்னும் ஒரே ஒரு விஷயம். போன சனிக்கிழமை காலை நான் தனியாகத் தண்ணீருக்குப் போயிருந்தேன். கெல்லின் படகு நின்ற அதே இடம். ஒன்று மாட்டியது. அடிலெய்டிலிருந்து வந்திருந்த கணவன் மனைவி பக்கத்துப் படகில் இருந்தார்கள். அவர்கள்தான் படம் எடுத்தார்கள், சீட்டில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள். படத்தில் அளவுப் பலகை தெளிவாகத் தெரிகிறது. நூற்றுப் பதினெட்டு. கெல்லின் முதல் சீட்டில் நூற்றுப் பத்தொன்பது என்று அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான்; கையெழுத்துப் போட்டவன் இல்லாமல் அதைத் திருத்த முடியாது. இரண்டாவது சீட்டுக்குச் சாட்சி இல்லை. விதி அப்படி, நான் எழுதியது இல்லை.

அதனால் அறிக்கையில் மற்றதை எப்படி எழுதினாலும், பலகை எத்தனை குறைவாகக் காட்டுகிறது என்பதை மட்டும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ஒரு நகல் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது.