பித்தளைத் தம்பி

அந்தப் பச்சை சைக்கிள் முதலில் எதன்மேல் சாய்ந்திருந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கொட்டகைத் தட்டியின்மேலா, ஏரிக்கரைப் பனைமரத்தின்மேலா. ஐந்து வருடமாக இந்த ஒன்றை மட்டும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்க வந்தது சைக்கிளைப் பற்றி அல்ல, தெரியும். கப்பல் படத்தின் ஐந்தாம் பாகம் வரப்போகிறது. பழைய ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகைக்கு நாலு வரி வேண்டும். சேலையூரிலிருந்து செம்பாக்கம் வரை யாரைக் கேட்டிருந்தாலும் என் வீட்டைத்தான் காட்டியிருப்பார்கள். அந்தப் படங்களை அசரியா வாத்தியார் கரைத்துக் குடித்தவர் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அது நாலு வரியில் முடியாது. டேப்பை நிறுத்த வேண்டாம், ஓடட்டும்.

படத்தின் ஆங்கிலப் பெயர் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. விண்வெளியில் ஒரு கப்பல் போகும். அதில் ஒரு கேப்டன், அவன் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக மின்னும் ஓர் இயந்திர மனிதன். எனவே கப்பல் படம். முதல் பாகம் வந்தது எண்பதில். மவுண்ட் ரோட்டில் ஓடித் தேய்ந்த பிரதி ஒரு வருடம் கழித்து ஏரிக்கரையில் இருந்த எங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வந்தது. தரையில் மணல். டிக்கெட் இல்லாமல் நுழைகிறவர்களுக்குப் பயந்து சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் தகரம் அடித்திருந்தார்கள். மேலே தென்னங்கீற்று.

அப்போது நான் தாம்பரத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆங்கிலத்தில் வேதபாடம் வாசிப்பவன் நான். கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால் இங்கிலீஷ் தெரிந்தவன் நடுவில் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். பொன்னுரங்கம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மணலைக் கூட்டிக் குவித்து மேடையாக்கி, "குந்து. சத்தமா சொல்லு. பின்னாடி கீறவனுக்கும் கேக்கணும்" என்றான்.

பொன்னுரங்கம் செம்பாக்கத்துக்காரன். பழைய விவசாயக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது, பிறகு அது மனைகளாகிப் போயிற்று. அவனுடைய தம்பி அரிகிருஷ்ணன் அந்த வருட மழையில் அதே ஏரியில் முழுகிச் செத்திருந்தான். அதற்குப் பிறகு பொன்னுரங்கம் கொட்டகைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

படம் ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புத்தகத்தில் படித்த ஆங்கிலம் வேறு, அவர்கள் மூக்கால் பேசிய ஆங்கிலம் வேறு. கொட்டகை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேப்டன் ஏதோ சொன்னான், அந்த இயந்திரம் ஏதோ கீச்சென்றது. பக்கத்தில் பொன்னுரங்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அது கேப்டனோட தம்பி" என்றேன். "செத்துப்போன தம்பியோட உயிரை அதுக்குள்ள வச்சிருக்காங்க. கேப்டனுக்கு அது தெரியாது. அண்ணா, நான் இருக்கேன்னு சொல்லுது."

பொன்னுரங்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நிமிராமலே, "அப்புறம் இன்னா சொல்லுது?" என்று கேட்டான்.

நான் சொல்லிக்கொண்டே போனேன்.

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் இரண்டிலும் அந்தத் தம்பியை நான்தான் வளர்த்தேன். ஊரில் அதற்குப் பித்தளைத் தம்பி என்று பெயர் வந்தது. செம்பாக்கத்துப் பிள்ளைகள் டால்டா டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பித்தளைத் தம்பி விளையாடினார்கள். நான் தெருவில் போனால் பெண்கள்கூட நிறுத்தி, "வாத்யாரே, அண்ணங்காரனுக்கு எப்பதான் தெரியும்?" என்று கேட்டார்கள். பொன்னுரங்கம் மணல் வியாபாரத்தில் இறங்கி லாரி வாங்கியபோது அதன் பின்பக்கம் பெயிண்டரை வைத்து எழுதினான்: அண்ணா, நான் இருக்கேன். வேளச்சேரி வரைக்கும் அந்த லாரி போய்வந்தது. லாரி வாங்கின பிறகும் கொட்டகைக்கு அந்தப் பச்சை சைக்கிளில்தான் வருவான். எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்த நாளிலிருந்து டேய் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். அசரியா சார் என்பான்.

அதற்குள் எனக்கு அவர்கள் பேசும் ஆங்கிலம் பழகிவிட்டது. வீடியோ கேசட்டில் முதல் பாகத்தை மறுபடி பார்த்தேன். என் சொந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கேப்டனுக்கு அதில் தம்பியே இல்லை. அந்த இடத்தில் இயந்திரம் எரிபொருள் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. அவ்வளவுதான். கேப்டன் அதை ஓர் உதை விடுகிறான். நாங்கள் அதைச் செல்லத் தட்டு என்று நினைத்திருந்தோம்.

நான்காம் பாகம் வெகுகாலம் வரவில்லை. தொண்ணூற்று நாலில் வந்தது. மவுண்ட் ரோட்டுக்குப் போய் முதல் வாரமே பார்த்தேன். முழுக்கக் கல்லூரிப் பையன்கள். கேப்டன் முகம் தெரிந்ததும் எழுந்து நின்று விசிலடித்தார்கள். பாதிப் படத்தில் எரிபொருளுக்காகக் கேப்டன் அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்காரனிடம் போட்டுவிட்டுப் போகிறான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்காரன் அதன் தலையைக் கழற்றும்போது அரங்கம் சிரித்தது. வெளியே வந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். பழைய பாகங்களின் கால்தூசி பெறாது என்றான் ஒருவன். இதுதான்டா உண்மையான கேப்டன், இத்தனை நாள் வேஷம் போட்டான் என்றான் இன்னொருவன். தாம்பரம் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

அந்தக் கோடையில்தான் இங்கிலீஷ் படங்களைத் தமிழில் பேசவைத்து வெளியிட ஆரம்பித்திருந்தார்கள். நான்காம் பாகம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வருகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

டீக்கடையில் முனிரத்தினம்தான் முதலில் ஆரம்பித்தான். அவன் பொன்னுரங்கத்தின் லாரி ஓட்டுபவன். வாய்த்துடுக்கு.

"இந்த தபா வாத்யாருக்கு லீவு மச்சான். கேப்டனே டமில் பேசறாராம்."

"பேசட்டும்" என்றான் பொன்னுரங்கம்.

"அப்ப வாத்யாரு இன்னா பண்ணுவாரு? முறுக்கு விப்பாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவரு எடத்துல அவருதான் குந்துவாரு. நீ மூடிக்கினு டீயக் குடி" என்றான்.

படம் நன்றாக இல்லை, போக வேண்டாம் என்று அவனிடம் தனியாகச் சொல்லிப்பார்த்தேன். அன்றைக்குக் குடும்பத்தோடு மகாபலிபுரம் போகலாம், வேன் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ ஒண்ணும் பேஜாராவாத சார். நான் கீறேன்ல" என்றான். எதற்கு அப்படிச் சொன்னான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். அவன் அந்த மணலில் உட்கார்ந்து, தன் தம்பியை அண்ணன்காரன் பழைய இரும்புக்குப் போடுவதைத் தன் சொந்த மொழியில் கேட்கக்கூடாது. கொட்டகை எரிந்தால் படம் வேறு எங்கும் ஓடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓடும். ஆனால் ஊருக்குள் இருக்கும் தியேட்டரில் நாற்காலி. அவரவர் தனியாக உட்கார்ந்து, அவரவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போவார்கள். யாரும் திரும்பி மணல் மேடையைப் பார்க்கப்போவதில்லை. இப்போது சொல்லும்போது காதில் விழுகிறது, இதில் பொன்னுரங்கம் எங்கே இருக்கிறான் என்று. அன்றைக்கு விழவில்லை.

படம் போடும் அன்று மத்தியானம் போனேன். கத்திரி வெயில், பள்ளிக்கூடம் விடுமுறை. ஏரியில் தண்ணீர் வற்றி விளிம்பெல்லாம் வெடித்திருந்தது. ஒரு ஆளில்லை. படப்பெட்டி காலையிலேயே வந்துவிட்டது. ஆபரேட்டர் தனக்கோடி அதை உள்ளே வைத்து, வாயிற்கதவை வெளியே சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவான். அது அவன் வழக்கம். கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். போலீஸ்காரரிடமும் நான் அதைத்தான் சொல்லத் தயாராக இருந்தேன், அவர் கேட்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் கீற்று தாழ்வாக இறங்கியிருக்கும். கை எட்டும், ஒரு தீக்குச்சி போதும். காய்ந்த கீற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கரைமேல் ஏறித் திரும்புவதற்குள் மேல்கூரை முழுக்கப் பிடித்துக்கொண்டது.

ஊர் ஓடிவந்தது. நானும் அவர்களோடு ஓடிவந்தேன். வற்றின ஏரியிலிருந்து குடம் குடமாகச் சேற்றுத் தண்ணீர் கைமாறிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கா என்று ஒரு கிழவர் கேட்டார். அப்போது முனிரத்தினம் பனைமரத்தைக் காட்டினான். "தோ, நம்ம ஓனர் சைக்கிள் கரைமேல கீது. அவரு கொல்லைக்கிப் போயிருப்பாரு. உள்ள யாரும் இல்ல, கதவு பூட்டிகீது பாரு" என்றான். எல்லோரும் பனைமரத்தைப் பார்த்தார்கள். சைக்கிள் அங்கே நின்றுகொண்டிருந்தது. எனவே யாரும் கதவை உடைக்கவில்லை. பக்கத்து வைக்கோல் போரைக் காப்பாற்றப் போய்விட்டார்கள். நான் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும்.

தனக்கோடி சோற்றுக் கையோடு ஓடிவந்து சாவியை மண்ணில் போட்டுவிட்டுக் கத்தினான். பொன்னுரங்கம் உள்ளே இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், வெயிலுக்குப் படுத்திருக்கிறேன், நீ பூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வா என்று பொன்னுரங்கம் சொன்னதால் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குள் கூரை மணலில் இறங்கிவிட்டது.

ஆறின பிறகு பார்த்தோம். சாம்பலை ஒதுக்கியபோது நடுவில் மணல் மேடாகக் குவிந்திருந்தது. உட்காருகிற இடத்தைக் கையால் தட்டிச் சமன் செய்திருந்தான். அவன் அதற்குப் பக்கத்தில் கிடந்தான்.

தனக்கோடி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சார், உங்களுக்கோசரம்தான் வந்தான் சார். அந்தப் பித்தளை வர்ற சீனெல்லாம் சவுண்ட நிறுத்திடு, எங்க வாத்யாரு சொல்லட்டும்னு கேட்டுக்கினான். நான் ஜனம் கல்லெடுத்து அடிக்கும்டான்னேன். நான் பாத்துக்கறேன்னான்."

நான் அவனிடம் கேட்டேன், பொன்னுரங்கத்துக்குத் தெரியுமா என்று.

"எப்பவோ தெரியும் சார். எட்டு வருசம் இருக்கும். கேசட்டு போட்டப்ப ஒரு காலேஜ் பையன் அர்த்தம் சொல்லிட்டான். நான்கூடச் சிரிச்சேன். அதுக்கு இவன், வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும், அரிகிருஷ்ணனுக்காக எங்காளு சொன்னதுதான் கதைன்னுட்டான்."

எட்டு வருடம். லாரியின் பின்னால் அந்த எழுத்து மங்கும்போதெல்லாம் அவன் பெயிண்டரைக் கூப்பிட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்தான்.

கேட்டீர்கள், ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. கதவைப் பூட்டிய குற்றத்துக்குத் தனக்கோடி தண்டனை அனுபவித்தான். லைசென்ஸ் போயிற்று. வெளியே வந்து பெருங்களத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் இருந்தான், போன மழையில் செத்துப்போனான். கொட்டகை இருந்த இடம் மனைகளாகி எல்லாவற்றிலும் வீடு வந்துவிட்டது. முனிரத்தினம் அந்த லாரியை வாங்கிக்கொண்டான். பின்பக்க எழுத்தை அழித்துவிட்டுத் தன் மகள் பெயரைப் போட்டிருக்கிறான். டீக்கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான், ஏன் என்று நான் கேட்டதில்லை. பொன்னுரங்கத்தின் மனைவி கிளியம்மாள் கோவிலம்பாக்கத்தில் அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். அவள் மகளுக்கு வாரம் ஒரு நாள் நான் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் வாங்குவதில்லை. அவர்கள் என்னை நல்லவன் என்கிறார்கள். அந்தப் பெண் பாடம் முடிந்ததும் பித்தளைத் தம்பி கதை கேட்பாள். நான் சொல்வேன்.

இனி சைக்கிள். இவ்வளவு நேரம் பேசியதில் அது நினைவுக்கு வந்துவிட்டது. மறந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. சைக்கிள் தட்டியின்மேல்தான் சாய்ந்திருந்தது, பெண்கள் பக்கத்தில். அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தான், கருகிவிடுமே என்று நான்தான் தள்ளிக்கொண்டு போய்ப் பனைமரத்தில் சாத்தினேன். தள்ளும்போது மணி ஒரு தரம் தானாக அடித்தது. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "யாரு, தனக்கோடியா?" என்று பொன்னுரங்கம் கேட்டான்.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, கீற்று தாழ்ந்த இடத்துக்குத் திரும்பி வந்தேன்.