என் வண்டியையும் கூப்பிட்டிருக்கணும்

இன்னொரு தடவை பாரும்மா. அவசரப்படாம கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்தா அடிச்சுப் பாரு. வண்டியோட சேஸிஸ் நம்பர் மேல ஒரே அழுக்கு, எட்டுன்னு நான் சொன்னது மூணாக்கூட இருக்கலாம். கண்ணாடியை வேற வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். என் புத்தி அப்படி.

மூணு போட்டாலும் வரலையா? ம்.

இல்லம்மா, கிளம்பல. கொஞ்சம் உக்காந்துக்கறேன். உன்மேல கோவமெல்லாம் இல்ல, நீ என்ன பண்ணுவ.

இங்க உக்காந்திருக்கறவங்க எல்லாம் கம்பெனியைத் திட்டிட்டு இருக்காங்க, கேட்டியா? வண்டி வித்தப்பவே ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா, இப்பப் பழுது பாக்கன்னு வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டு ஒரு நாள் பொழப்பைக் கெடுக்கறானேன்னு. அதோ, ரொட்டி வண்டி ஓட்டறவர், என் வண்டி லிஸ்ட்ல இல்லன்னு நீ சொன்னதும் என் தோள்ல தட்டி, குடுத்து வச்சவங்க நீங்கன்னார். ஆமாங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

ஆனா பாரு, அதே மாடல்தானேம்மா? பெருசும் இல்ல சின்னதும் இல்ல, அதே நடுத்தர லாரிதானே? லிவரை இழுத்தா மேல நிக்கும், பாத்தா ஹேண்ட்பிரேக் போட்ட மாதிரியே இருக்கும், ஆனா உள்ள லிவரைப் பிடிச்சு நிறுத்தற பல்லு வழுக்கி வண்டி தானா உருளும். காலையில இருந்து போன்ல எல்லாருக்கும் நீ இதைத்தானே சொல்லிட்டு இருக்க. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

வேற ஃபேக்டரியில செஞ்ச பல்லா? என் வண்டியில இருக்கறது நல்ல பல்லா?

எனக்குன்னு பாத்து நல்லதாப் போட்டிருக்கான் பாரு.

எங்களுக்கு வீடு மாத்திக் குடுக்கற வேலைம்மா. நானும் என் வீட்டுக்காரியும்தான். நான் ஓட்டுவேன், பீரோ கட்டில் தூக்க ஆளுங்க வருவாங்க, பாத்திரம் பண்டமெல்லாம் அவ பொறுப்பு. கண்ணாடி டம்ளரைப் பேப்பர்ல சுத்தி அடுக்குவா பாரு, குழந்தையைத் துணியில சுத்தற மாதிரி. அவ கட்டின பெட்டியில ஒண்ணு உடைஞ்சுதுன்னு யாரும் சொன்னதில்ல.

அவளுக்கு ஒரு பழக்கம். வண்டி நின்னா முதல்ல அவ இறங்கிடுவா, பின் சக்கரத்துக்குக் கட்டை போட. ஒடஞ்ச கட்டில் கால்ல நான்தான் அறுத்துக் குடுத்தேன். எடுக்கச் சுலபமா இருக்கட்டும்னு ஓட்டை போட்டு நீலக் கயிறு கட்டியிருந்தா. சமதரையா இருந்தாலும் சரி, டீ குடிக்க நிறுத்தினாலும் சரி, கட்டை போட்டாத்தான் அவளுக்கு டீ இறங்கும். மத்த டிரைவருங்க கிண்டல் பண்ணுவாங்க, என்னங்கக்கா, வண்டிய நம்ப மாட்டீங்களான்னு. வண்டிய நம்பறேம்ப்பா, இந்த மனுசனத்தான் நம்ப முடியலன்னுவா. நானும் சேந்து சிரிப்பேன். சாவியை வண்டியிலயே விட்டுப் பூட்டினவன்தானே நான். கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூராத் தேடினவன்தானே.

இரும்மா, போன் வருது பாரு, நீ பேசு. நான் இருக்கேன்.

முடிஞ்சுதா? ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. அந்த நீலப் பெட்டியில பழைய பல்லெல்லாம் கழட்டிக் கழட்டிப் போடறாங்களே, அதுல ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடுக்க முடியுமா?

எண்ணி கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணுமா? எல்லாத்தையுமா? ஒண்ணு கொறஞ்சாக் கேப்பாங்களோ?

விக்கறதுக்கு இல்லம்மா, ஐயோ. என் பொண்ணுகிட்ட காட்டத்தான். உன் வயசுதான் இருக்கும், இப்ப அவ மாமன் வீட்டுல இருக்கா. நான் போனா, தண்ணி கொண்டுவந்து வச்சுட்டு உள்ள போயிடுவா. அவ்வளவுதான். இந்தா பாரு, இதுதான் வழுக்கிச்சு, கம்பெனியே ஒத்துக்கிட்டான், அப்பா மேல தப்பில்லன்னு அவ கையில வச்சுட்டு வந்துடலாம்னு...

என் வண்டிது இல்லதான். தெரியும். அவளுக்குத் தெரியாதே.

அன்னிக்கு வீடு மாத்தப் போன தெரு கொஞ்சம் சரிவும்மா. வீட்டுக்காரர் மாடியில நின்னு கூப்பிட்டார், நான் சாவி வாங்க இறங்கிட்டேன். இவ எப்பவும் போலக் கட்டையை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனா. குனிஞ்சிருக்கா, வண்டி பின்னாடி உருண்டுடுச்சு. அவ்வளவுதாம்மா, சத்தம்கூட வரல. யாரோ வண்டியில தாவி ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினாங்க. புண்ணியவான். ஆனா அதுக்கு முன்னாடி லிவர் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சான்னு அந்தப் பதட்டத்துல அவருக்கும் தெரியல. வண்டியைச் சோதிச்சவங்க ஒரு பழுதும் இல்லன்னுட்டாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பொண்ணு கேட்டா, ஹேண்ட்பிரேக் போட்டீங்களாப்பான்னு. திட்டல, அழல, அது ஒண்ணுதான் கேட்டா. போட்டேம்மான்னு சொன்னேன். சொல்றதுக்குள்ள ஒரு நொடி யோசிச்சுட்டேன். அவ அம்மா மாதிரி, என் மூஞ்சியப் பாத்தே படிச்சிடுவா. மறுநாள் துணியை எடுத்துக்கிட்டு மாமன்கூடப் போயிட்டா.

அப்புறம்தான் கம்பெனி வண்டியெல்லாம் திருப்பிக் கூப்பிடறான்னு கேள்விப்பட்டேன். எத்தனை நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன் தெரியுமா? காலையில வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காத குறையா ஓட்டிட்டு வந்தேம்மா, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி.

நீ ஏம்மா கண்ணைத் தொடைக்கற? வேண்டாம் விடு. உன் வேலைக்குப் பிரச்சனை வரும், பல்லெல்லாம் வேண்டாம். பொய்யை அவ கையில குடுத்துட்டு நான் எங்க போய் நிக்கறது?

கட்டையா? இன்னும் அதேதான், அதே கயிறு. இப்ப நான்தான் இறங்கிப் போடறேன். உங்க வாசல்லயும் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

ஹேண்ட்பிரேக்கா? போட்டேம்மா.

போட்டிருப்பேன். இரு, எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.