பழையதும் புதியதும் சேர்ந்து ஓடிய கிழமை

செபநாயகம்: ...சரி, அடுத்ததைச் சொல்லும் பிள்ளை. நான் பழசிலை பாக்கிறன்.

மீனாம்பிகை: நல்லம்மா, அறுபத்தெட்டு, பெண், திருநெல்வேலி. இரத்தத்திலை சீனி கூட.

செபநாயகம்: இதிலையும் அதுதான். அடுத்தது நான் சொல்லுறன். லூர்த்தம்மா, எழுபத்திரண்டு, பெண், குருநகர்.

மீனாம்பிகை: புதுசிலையும் சரியாக் கிடக்கு... ஏன் அண்ணை, எல்லாம் கிழவியளாப் பாத்து எடுக்கிறியள்?

செபநாயகம்: நீர் காலமை எடுத்ததெல்லாம் பால்குடியள். நான் ஏதும் கேட்டனானே?

மீனாம்பிகை: கேக்கேல்லைத்தான்...

செபநாயகம்: அப்ப விடும். எனக்கு உதிலை ஒண்டுதான் விளங்கேல்லை. ஒரு காய்ச்சல்காரனை என்னத்துக்கு ரெண்டுதரம் ரைப் பண்ண வேணும்?

மீனாம்பிகை: எத்தினைதரம் சொன்னனான். ஒருக்கால் கொழும்புக்காரன்ரை பழைய புறோகிராமிலை, ஒருக்கால் நான் எழுதின புதுசிலை. ரெண்டும் ஒரே ரிப்போட்டைத் தந்தால் நாளைக்குப் பழசை நிப்பாட்டலாம்.

செபநாயகம்: தராட்டில்?

மீனாம்பிகை: பழசிலையே ஓடுவம். வெளியிலை வாங்கிலை இருக்கிற சனத்துக்கு ஒண்டும் தெரியாது. எங்கடை லாப் டொக்ரர் சொன்னதும் அதுதானே, புறோகிராம் மாத்துறதெண்டு லாபை ஒரு மணித்தியாலமும் பூட்டக் கூடாதெண்டு.

செபநாயகம்: சொல்லிப்போட்டு அவர் கொழும்புக்குப் போட்டார். நானெல்லோ ரத்தத்தையும் பாத்து, உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியையும் பாத்து... ஆனா ஒண்டு, பழசு ஒரு ரிப்போட் அடிக்கிறதுக்கிடையிலை நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிடுவன். உம்மடை புறோகிராம் வந்தால் என்ரை தேத்தண்ணி போச்சு.

மீனாம்பிகை: நீங்கள் ரெண்டு விரலாலை குத்துற கெதிக்கு எந்தப் புறோகிராம் வந்தாலும் தேத்தண்ணி குடிக்கலாம்.

செபநாயகம்: ம்... பிள்ளை, திங்கட்கிழமை வந்து கேட்டவை நாளைக்கு எப்ப வருவினமாம்?

மீனாம்பிகை: நேரம் சொல்லேல்லை. புதுசு வேலை செய்யத் தொடங்கினவுடனை ஒரு பிரதி வேணுமாம். எல்லாரின்ரை பேர், வயது, விலாசம், இரத்த வகை.

செபநாயகம்: காயக்காரருக்கு இரத்தம் வேணுமெண்டால் ஆக்களைக் கூப்பிடவாம். எனக்கு முன்னாலைதான் டொக்ரருக்குச் சொன்னவை. கூப்பிடவோ, பிடிச்சுக்கொண்டு போகவோ...

மீனாம்பிகை: மெல்லக் கதையுங்கோ. சனம் இருக்குது.

செபநாயகம்: சனத்துக்குத் தெரியாததோ? இந்தியன் ஆமி கப்பலேற முந்தி, அதோடை நிக்கிற இயக்கக்காரர் தங்கடை படைக்கு ஆள் சேக்க வேணுமெண்டு நிக்கினம். போன கிழமை பலாலி றோட்டிலை பஸ்ஸை மறிச்சு, மீசை அரும்பின பொடியள் எல்லாரையும் இறக்கிக்கொண்டு போனவை. தாய்மார் காம்ப் வாசலிலை கிடக்கினம். இனி றோட்டிலை மினக்கெடத் தேவையில்லை. எங்கடை பிரதியைக் கையிலை வைச்சுக்கொண்டு வீடு வீடாப் போகலாம்.

மீனாம்பிகை: டொக்ரர் ஏதோ சனிக்கிழமை மட்டும் தவணை வாங்கித் தந்தவர். புது புறோகிராம் போடுறம், அது முடியட்டும் எண்டு.

செபநாயகம்: தவணை நாளையோடை முடியுது... ஆர் அது? சிவசுப்பிரமணியம் ஐயாவோ? வாங்கிலை இருங்கோ ஐயா, ரிப்போட் இப்ப வந்திடும்.

மீனாம்பிகை: ஆற்றை ரிப்போட்?

செபநாயகம்: அவரின்ரை மகன் தவயோகன்ரை. பொடியன் வெளியிலை வரேலாதெண்டு நான்தான் கொக்குவிலுக்குச் சைக்கிளிலை போய் இரத்தம் எடுத்தனான்... உதை நான் கையாலை எழுதிக் குடுக்கிறன்.

மீனாம்பிகை: ஓம், ஓம். கையாலையே எழுதுங்கோ... ஐயோ, காலமை குத்தினதெல்லாம் சேந்து வருது. பிறின்ரர் அடிக்கத் தொடங்கிட்டுது.

செபநாயகம்: நிப்பாட்டும்.

மீனாம்பிகை: வந்திட்டுது. தவயோகன், கொக்குவில்...

செபநாயகம்: என்ன, வாசிக்காமல் நிக்கிறீர்?

மீனாம்பிகை: நாற்பத்தேழு வயது... பெண்.

செபநாயகம்: நாற்பத்தேழோ?

மீனாம்பிகை: பெண்ணோ?

செபநாயகம்: நீர்தானே வாசிச்சனீர்.

மீனாம்பிகை: இல்லை... வயது ஏதோ புறோகிராமிலை பிழையா இருக்கும். பெண்ணெண்டு என்னெண்டு வந்தது?

செபநாயகம்: அது என்ரை விரல் மாறிப் பட்டிருக்கும். வயது என்னெண்டு முப்பதாலை கூடினது?

மீனாம்பிகை: முப்பதெண்டு நான் சொல்லேல்லையே.

செபநாயகம்: பதினேழு வயதுப் பொடியன் நாற்பத்தேழானால் முப்பதுதானே பிள்ளை.

மீனாம்பிகை: ...பேனையாலை திருத்திக் குடுங்கோ அண்ணை. பாவம், தேப்பன் காத்துக்கொண்டு நிக்கிறார்.

செபநாயகம்: பொறும். இரத்த எச்.பி. பன்னிரண்டு தசம் ரெண்டு எண்டு அடிச்சு, பக்கத்திலை 'சரி' எண்டும் போட்டிருக்கு.

மீனாம்பிகை: பன்னிரண்டுக்கு மேலை எண்டால் சரியெண்டு நீங்கள்தானே கணக்குத் தந்தனீங்கள்.

செபநாயகம்: பொம்பிளையளுக்கு. இந்த வயதுப் பொடியனுக்கு உது காணாது, குறைவு. போன மாசம் பாக்கேக்கை இவனுக்குப் பதினாலுக்கு மேலை நிண்டது. இரத்தம் எங்கையோ போகுது... வயித்துக்குள்ளையோ என்னவோ. உந்தக் கடுதாசியைக் கொண்டுபோய்க் காட்டினால் 'சரி' எண்டதைப் பாத்திட்டுக் கொக்குவில் டொக்ரர் வீட்டை அனுப்பிப்போடுவார்.

மீனாம்பிகை: இப்பதான் கண்டிட்டியளே. அப்ப...

செபநாயகம்: இதைக் கண்டனான். ரைபொயிட்டுக்கும் மலேரியாவுக்கும் அள்ளுப்பட்டு வரேக்கை எத்தினையைக் காணுவன்? ...பிள்ளை, பொடியளைப் பெண்ணாக்கினது நான்தான்.

மீனாம்பிகை: எத்தினை பேரை?

செபநாயகம்: இருக்கிற பொடியள் எல்லாரையும். திங்கள் தொடங்கிப் பின்னேரத்திலை நீர் வீட்டை வெளிக்கிட்டாப் பிறகு இருந்து ஒவ்வொண்டா மாத்தினனான்.

மீனாம்பிகை: ரெண்டு விரலாலையோ?

செபநாயகம்: ரெண்டு விரலாலைதான்.

மீனாம்பிகை: எனக்கேன் சொல்லேல்லை?

செபநாயகம்: நாளைக்கு உம்மைக் கூட்டிக்கொண்டுபோய் வைச்சுக் கேட்டால்? தெரியாத ஆளுக்குத் தெரியாதுதானே.

மீனாம்பிகை: ...நானும் அதுக்காகத்தான் சொல்லேல்லை.

செபநாயகம்: என்னத்தை?

மீனாம்பிகை: முப்பதை. பழசிலை இருந்து புதுசுக்கு ஆக்களைக் கொண்டுபோகேக்கை, பதினாலிலை இருந்து முப்பது வரைக்கும் இருக்கிற எல்லாருக்கும் முப்பது கூட்டச் சொல்லி ஒரு வரி எழுதினனான்.

செபநாயகம்: ஒரே ஒரு வரியோ?

மீனாம்பிகை: ஒரு வரிதான்.

செபநாயகம்: ...நான் நாலு பின்னேரம் முதுகு முறிய இருந்தனான்.

மீனாம்பிகை: சிரிக்காதேங்கோ, ஐயா பாக்கிறார்... உங்கடை மகன்ரை பேரும் இருக்குதென்ன?

செபநாயகம்: ஓம். கனிசியஸ். போன வரியம் மலேரியாவெண்டு எடுத்தது. இப்ப அவன் மாமி வீட்டிலை, வெளிச்சம் படாமல் கிடக்கிறான். உமக்கு ஆர் அதுக்கை?

மீனாம்பிகை: ஒருத்தரும் இல்லை. ஆனால் எல்லாரின்ரை பேரையும் ஏத்தினது என்ரை கை.

செபநாயகம்: ம்... இப்ப என்ன செய்வம்? பொடியளைப் பழையபடி ஆம்பிளையாக்கினால் ரிப்போட் சரி. ஆனா நாளைக்கு உவை வந்து நிப்பினம்.

மீனாம்பிகை: ஆக்கத் தேவையில்லை. 'சரி', 'குறைவு' எண்டு அடிக்கிற வரியைத் தூக்கிவிடுறன். பெட்டி வெறும் இலக்கத்தை மட்டும் அடிக்கட்டும். வயதையும், ஆணோ பெண்ணோ எண்டதையும் நீங்கள் கேட்டு, காணுமோ காணாதோ எண்டு கையாலை எழுதிவிடுங்கோ.

செபநாயகம்: அப்ப புது புறோகிராம் வந்து எனக்கு எழுத்து வேலை கூடிப்போச்சு.

மீனாம்பிகை: தேத்தண்ணியும் போச்சு.

செபநாயகம்: தாரும் பேனையை... ஐயா, இஞ்சை வாங்கோ. பொடியனுக்கு இரத்தம் குறைவு. இதை வீட்டை கொண்டுபோக வேண்டாம், நேரை உங்கடை கொக்குவில் டொக்ரரிட்டைக் காட்டுங்கோ. பொடியனைக் கூட்டிக்கொண்டு போகேலாட்டில் அவரை வீட்டை வரச் சொல்லிக் கேளுங்கோ, வருவார். ஓம்... ஓம், இண்டைக்கே.

மீனாம்பிகை: அண்ணை.

செபநாயகம்: என்ன?

மீனாம்பிகை: வாசலிலை ஒராள். திங்கட்கிழமை வந்தவைக்குப் பின்னாலை நிண்டவர்.

வந்தவர்: வணக்கம். வேலையெல்லாம் முடிஞ்சுதோ?

செபநாயகம்: நாளைக்கெண்டுதானே தம்பி சொன்னவை?

வந்தவர்: நாளைக்குத்தான். எனக்குக் கொஞ்சம் கொம்பியூட்டர் தெரியும். எந்த நிலையிலை இருக்குதெண்டு ஒருக்கால் பாத்திட்டுப் போறன். அக்கா, எழும்புறியளோ? நான் இதிலை இருக்கிறன்.

மீனாம்பிகை: புதுசு இன்னும் சரிவரேல்லைத் தம்பி. பிழையள் இருக்கும்.

வந்தவர்: பரவாயில்லை... வடிவாத்தான் செய்திருக்கிறியள். வயதுவாரியாப் போட்டுப் பாக்கலாமோ?

மீனாம்பிகை: ...ஓம்.

வந்தவர்: பத்து... பன்னிரண்டு... பதின்மூண்டு... முப்பத்தொண்டு. என்னண்ணை, நடுவிலை ஒருத்தரையும் காணேல்லை. இளம் ஆக்களுக்கு வருத்தமே வாறேல்லையோ?

செபநாயகம்: அவை இப்ப வெளிக்கிடுகினமில்லைத் தம்பி. றோட்டு நிலைமை தெரியும்தானே.

வந்தவர்: போன வரியமும் வெளிக்கிடேல்லையோ? ஒரு பேர் தேடிப் பாக்கிறன். குகதாசன்... உடுவில். வந்திட்டுது. நாற்பத்தாறு வயது, பெண்.

மீனாம்பிகை: அதுதான் தம்பி சொன்னனான், பிழையள் இருக்குமெண்டு. பழசிலை இருந்து மாத்தேக்கை இலக்கம் இடம் மாறி...

வந்தவர்: அக்கா, குகதாசன் என்ரை தம்பி. அவனுக்குப் பதினாறு வயது.

செபநாயகம்: நான் மாத்தினதுதான் தம்பி. உந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. கூட்டிக்கொண்டு போறதெண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மீனாம்பிகை: அவர் பொய் சொல்லுறார். அவருக்கு ஒரு வரி புறோகிராம் எழுதத் தெரியாது. எழுதினது நான்.

வந்தவர்: ரெண்டு பேரும் இருங்கோ. நிண்டு கதைச்சால் வெளியிலை பாப்பினம்... பழைய டிஸ்க் எங்கை?

மீனாம்பிகை: எந்த டிஸ்க்?

வந்தவர்: மாத்தத் தொடங்க முந்தி ஒரு பிரதி எடுத்து வைச்சிருப்பியள். எடுக்காமல் ஒருத்தரும் இந்த வேலையிலை கை வைக்கமாட்டினம்.

மீனாம்பிகை: ...மேசை லாச்சிக்கை இருக்குது.

செபநாயகம்: பிள்ளை...

மீனாம்பிகை: அவருக்குத் தெரியும் அண்ணை. ஒளிச்சு என்ன செய்யிறது? இந்தாங்கோ. புதுசு பிழைச்சால் திரும்பிப் போக வைச்சது.

வந்தவர்: இதிலை எல்லாரின்ரையும் உண்மையான வயதும் விலாசமும் கிடக்கு?

மீனாம்பிகை: ஓம்.

வந்தவர்: இதையும் பழைய புறோகிராமையும் அழியுங்கோ. இப்பவே. நாளைக்கு இருந்தால் நான் கேட்ட மாதிரித்தான் கேப்பினம்.

மீனாம்பிகை: ...அழிச்சால் உண்மையானது ஒண்டும் எங்களிட்டை மிஞ்சாது.

செபநாயகம்: அழியும் பிள்ளை. வருத்தக்காரர் வரேக்கை வாயாலை கேப்பம்.

வந்தவர்: இன்னொண்டு. நடுவிலை ஒருத்தருமே இல்லாட்டில் எந்த மடையனும் கண்டுபிடிப்பான். கொஞ்சப் பொடியளை உள்ளபடி விடுங்கோ.

மீனாம்பிகை: ஆரை விடச் சொல்லுறியள்? எந்தத் தாயின்ரை பிள்ளையை?

வந்தவர்: ...அதை எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

செபநாயகம்: எனக்குத் தெரியும். கனடா, ஜேர்மனி எண்டு வெளிக்கிட முந்தி மெடிக்கலுக்கு எங்களிட்டைத்தானே வந்தவங்கள். போய்ச் சேந்திட்டாங்கள். அவங்களை உள்ளபடி விடுவம். உவை வீடு வீடாப் போய்த் தேடட்டும்.

மீனாம்பிகை: அண்ணை... பேரைச் சொல்லுங்கோ, நான் மாத்துறன்.

செபநாயகம்: வாங்கிலை அஞ்சாறு பேர் நிக்கினம். அவையளின்ரை இரத்தத்தை எடுத்திட்டு வந்து சொல்லுறன். லாப் நிக்கக் கூடாதெல்லோ... தம்பி, ஒண்டு கேக்கலாமோ? உங்களை உவை என்னத்துக்கு இண்டைக்கு அனுப்பினவை?

வந்தவர்: ஒருத்தரும் அனுப்பேல்லை அண்ணை. தம்பியின்ரை பேர் இருக்குதோ எண்டு பாக்கத்தான், ஆருக்கும் சொல்லாமல் வந்தனான். நாளைக்கு அவையோடை நானும் வருவன்... அப்ப என்னை முன்பின் கண்ட மாதிரிக் காட்டாதேங்கோ.