முப்பது நாள் தண்ணி

ஷூவ இங்கனயே கழட்டிருங்க சார். சாக்ஸையும்தான். கொடிக்காலுக்குள்ள செருப்புக்காலு படக்கூடாது, வெத்தலைக்கு ஆகாதும்பாக. நான் நம்புறேனா? நான் நம்பி என்ன, நம்பாம என்ன. இது ஈஸ்வரபாண்டி அய்யா கொடிக்காலு, அவுக நம்புறாக. மெட்ராஸ்ல இருந்து வந்த இஞ்சினியரு ஷூவோட மிதிச்சாரு, அதான் கொடி வாடிப்போச்சுன்னு நாளைக்கு உங்க தலையில கட்டிருவாக. எதுக்கு வம்பு.

அவுக இல்ல சார். தண்ணி வரணும்னு வேண்டிக்கிட்டு வீரபாண்டி கோயிலுக்குப் போயிருக்காக. மதியத்துக்குள்ள வந்துருவாக. நாம பைய நடப்போம், போரு அந்தக் கடேசியில இருக்கு. முன்னெல்லாம் இந்த வாய்க்காக்கரை வழுக்கும். இப்பத் தைரியமா நடக்கலாம்.

மோட்டாருல பழுது இல்லைங்க. கம்ப்ளைண்ட்ல அப்படித்தான் எழுதியிருப்பாக. போன மாசமே வந்து பாத்துட்டேன். ஒயரு சுத்தம், கண்ட்ரோலரு சுத்தம். இந்தச் சுத்துல நாப்பத்திரெண்டு சோலார் பம்புக்கு நான்தான் சர்வீசு. ஒண்ணு நின்னாக்கூட ராத்தூக்கம் வராது எனக்கு. இது ஒண்ணுதான் விதிவிலக்கு.

இல்ல, சும்மா சொன்னேன். வாங்க.

எம்பேரு மகாலட்சுமி சார். ஃபைல்ல இருக்கும். உங்க கம்பெனி பொம்பளைகளுக்கு டிரெயினிங் குடுக்குதுன்னு மகளிர் குழுவுல சொன்னாக. பழனிசெட்டிபட்டியில மூணு மாசம் படிச்சேன். ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாத கை சார் இது. கிருபாவதி மேடம்னு ஒருத்தவுக சொல்லிக் குடுத்தாக. ஒரு டார்ச்லைட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டும் வெச்சுக்கிட்டு சூரியன் எந்த மாசம் எங்கன போகும், தட்ட எங்கிட்டுச் சாய்க்கணும்னு காட்டுனாக பாருங்க, பத்தாப்பு ஃபெயிலு எனக்கே மண்டையில ஏறிருச்சு. பொய் சொல்லக்கூடாது, உங்க கம்பெனியாலதான் எம்மக சினேகா காலேஜுக்குப் போறா. மானாவாரியாக் கெடந்த காடெல்லாம் தக்காளி காய்க்குது. ஆம்பளைக எல்லாம், எக்கா, எம்மோட்டாரு இருமுதுக்கான்னு போன் பண்றானுக. அந்தச் சோத்துக்கு நான் துரோகம் பண்ணல. இன்னிக்கு வரைக்கும் பண்ணல. அத மனசுல வெச்சுக்கங்க.

அய்யாவ எப்படித் தெரியுமா? நல்லாத் தெரியும். எங்க ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கெணறு. அந்தா, முள்ளு மூடிக் கெடக்கு பாருங்க, அதான். இப்பத் தூந்து போச்சு. அதுல எங்களுக்கு வாரத்துல மூணு நாளு முறைத்தண்ணி, எங்க மாமனாரு காலத்துப் பேச்சு. நாங்களும் கொடிக்காலுதான் வெச்சிருந்தோம். அகத்தி நட்டு, கொடி ஏத்தி, நாரு வெச்சுக் கட்டிக் கட்டி வெரலு வீங்கிப் போகும். வெத்தலை கைக்குழந்த மாதிரி சார். ரெண்டு நாளு கவனிக்கலேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்.

ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு பங்குனியில எங்க வீட்டுக்காரரு முத்துராஜா செத்துட்டாக. மஞ்சக்காமாலை. பாலு தெளிச்ச மறுநாளு எங்க முறை. கொழுந்தன மடை தொறக்க அனுப்புனேன். போன வேகத்துல வந்து, மதினி, மடைய மண்ணப் போட்டு அடைச்சிருக்காகன்னான். ஏதோ மறந்துட்டாக போலன்னு நெனச்சேன். எம்புட்டுக் கிறுக்கச்சி பாருங்க.

பதினாறு முடிஞ்ச அன்னிக்கு நானே போய் வாசல்ல நின்னேன். எம்மூஞ்சியப் பாக்கல சார் அந்தாளு. முண்டச்சி மொகத்துல முழிச்சா ஆகாதாம். செவுத்தப் பாத்துக்கிட்டே பேசுனாக. உங்க தீட்டுத் தண்ணி என் கொடிக்கால் ஓரமாத்தான போகுது, வெத்தலை வெளங்குமா, ஊருக்குப் பதினாறு, கொடிக்காலுக்கு முப்பது, முப்பது நாளு பொறு ஆத்தான்னாக. என் சொந்தத் தண்ணி சார். பங்குனி வெயிலு.

குடத்துல சொமந்தேன். நானும் சினேகாவும், அப்ப அவ சின்னப்பிள்ளை. ஊருக்குழாயில பிடிச்சு, ஒரு மைலு, எத்தனை நடை தெரியுமா. முன்னூறு அகத்திக்குக் குடத்துல ஊத்தி மாளுமா? இருபத்தெட்டாம் நாளு தண்டு காஞ்சு கையோட வந்துச்சு. முப்பத்தோராம் நாளு காலையில மடையத் தொறந்து விட்டாக. சொன்ன சொல்லு தவறாத மனுசன்ல? பட்டுப்போன கொடிக்கடியில தண்ணி கணுக்காலு மட்டத்துக்கு நின்னுச்சு. நான் அதுல எறங்கி நின்னுக்கிட்டு அழுதேன். அப்ப ஒண்ணு நெனச்சேன். சரி, அது எதுக்கு இப்ப.

பெறகென்ன, வெறும் நெலத்த வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய. வித்தேன். வாங்குனது யாருன்னு நெனக்கிறீக? அய்யாதான். இங்கனதான் சார், இந்த வரப்புக்குக் கெழக்க பூராவும். இப்ப நீங்க நிக்கிற இடத்துல எங்க எளநீர் மரம் நின்னுச்சு. காலெல்லாம் எடுக்க வேணாம், நில்லுங்க. உங்க மேல என்ன தப்பு.

அந்தா பேனலு தெரியுது. எங்க நெலத்துலதான் போரு போட்டாக, எங்க நெலத்துலதான் பேனலு நிக்குது. ஒத்தக் கம்பம். உங்க ஆளுக கம்பத்த ஊனி சிமெண்டு போட்டுட்டுப் போயிருவாக. தெச பாத்து போல்ட்டு முறுக்குறது என் வேலை.

என்ன சார் நின்னுட்டீக?

ஆமா. வடக்கத்தான் பாத்து நிக்குது.

நான்தான் வெச்சேன். தெரியாம வெச்சனா? நல்லாருக்கே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெக்குன்னுதான சொல்லுவேன். அன்னிக்கும் தெக்கு பாத்துத்தான் நிறுத்துனேன். அய்யா வந்தாக. தெக்கு எமன் தெசை, என் நெலத்துல எதையும் தெக்க பாத்து வெக்கப்படாது, வடக்க திருப்பு, குபேரன் தெசைன்னாக. அப்பவும் எம்மூஞ்சியப் பாக்கல. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே சொன்னாக. அத்தன வருசம் கழிச்சும் அதே பழக்கம்.

சொல்லியிருக்கலாம் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அய்யா, தண்ணி நின்னு போகும்னு. சொல்லல. வாயத் தொறக்காமத் திருப்புனேன். ஆளு கேட்டத செஞ்சு குடுத்தேன், ஃபாரத்துல கையெழுத்தும் வாங்கிட்டேன். போட்டோவும் எடுத்து அனுப்புனேனே உங்க ஆபீசுக்கு. அய்யா பேனல் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிப்பாக. யாரு தெச பாத்தீக?

வைகாசி கடேசியில மாட்டுனோம். மேடம் அந்தத் தட்ட வெச்சுச் சொன்னாகள்ல, நம்மூருல ஆனி மாசம் சூரியன் உச்சிக்கு வடக்க போகும்னு. தண்ணி கொட்டுச்சு சார். அம்புட்டுத் தண்ணி. தெக்க பாத்து வெச்சவனுக்கெல்லாம் அய்யா டீக்கடையில உக்காந்து வாஸ்து சொல்லிக் குடுத்தாக. நான் தண்ணி வர்றதப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியாச் சாப்பிட்டேன். ஆடி போகும், ஆவணி போகும், சூரியன் தெக்க எறங்காம எங்கன போகப் போகுது. பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாக.

ஐப்பசியில மழை இருந்துச்சு, தண்ணிக் குறை தெரியல. கார்த்திகைக் கடேசியில பனி. இந்த ஆழத்துல இருந்து தண்ணி ஏறணும்னா வெயிலு மூஞ்சில அடிக்கணும்ல, முதுகுல அடிச்சா? உச்சி நேரத்துல நூலு மாதிரி வரும், நின்னு போகும். அய்யா என் வீட்டு வாசலுக்கு வந்தாக. ஏழு வருசத்துல அன்னிக்குத்தான் அந்தாளு எம்மூஞ்சிய நேரா நிமிந்து பாத்தாரு. வந்து பாரு ஆத்தான்னாரு. வந்தேன். எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன், மாட்டுனேன். முப்பது நாளு ஆகும் அய்யா, பொறுங்கன்னேன்.

அவருக்கு ஞாபகம் வரல சார். அதான் எனக்கு ஆறல. அப்படியே நின்னு மூஞ்சியப் பாத்தேன், எங்கயாச்சும் ஒரு சுருக்கு விழுதான்னு. ஒண்ணுமில்ல. சரி ஆத்தான்னுட்டுப் போயிட்டாரு. நான் ஏழு வருசமா அந்த ஒத்தச் சொல்ல மென்னுக்கிட்டு இருக்கேன், அந்தாளு அன்னிக்கே துப்பிட்டாரு.

பாவமா? இருக்கு சார். இல்லேன்னா பொய்யாப் போகும். இந்தக் கொடிய நேத்துத் தொட்டுப் பாத்தேன், கீழெலை தொங்கிப் போச்சு. கொடி என்ன செஞ்சுச்சு, பாவம். நீங்க எழுத வேண்டியத எழுதிக்கங்க. மகாலட்சுமி வேணும்னு செஞ்சான்னே எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். வேலை போனாப் போகுது. ஆனா திருப்பணும்னா அந்தாளு வாயால சொல்லணும். எமனைப் பாத்துத் திருப்பு ஆத்தான்னு, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.

திருப்ப எம்புட்டு நேரமா? நாலு போல்ட்டு சார். அரை மணி நேரம். ஸ்பேனரு இந்தப் பையிலதான் இருக்கு. தெனமும் எடுத்துக்கிட்டுத்தான் வாரேன், வந்து கொடியப் பாத்துட்டுப் போறேன்.

வாங்க, அந்த நெழலுல உக்காருவோம். அவசரம் ஒண்ணுமில்ல. இன்னிக்கு இருபத்தேழுதான் ஆகுது.