டோரினின் மஞ்சள் புள்ளி

"விளங்கேல்லை எண்டு எங்கட சனம் வாயால சொல்லாது, மேனுகா. ஓகே எண்டுதான் போடும்."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, கார்த்திகன்?"

"எழுதி எழுதி அழிக்கும். பழைய மெசேஜைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். நீர் அதைப் பிடியும், மிச்சத்தை நான் பார்க்கிறன்."

வெள்ளவத்தை அலுவலகத்தில், என் மேசையருகே நின்று பிளேன்ரீ குடித்தபடி அவர் சொன்னது. அப்படியே செய்து கொடுத்தேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதிகள் டாக்டர்களோடு கதைப்பதற்கான செயலி எங்களுடையது. தாதி குழம்பினால் அவள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி விழும். கார்த்திகன் உடனே அவளை அழைத்து, டாக்டர் எழுதியதை விளக்குவார்.

கொட்டாஞ்சேனைத் தாதி டோரினுக்கு அடிக்கடி விழுந்தது. நல்ல பிள்ளை, வேலைக்குப் புதிது. மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் போதும், அவளுக்கு இருபது. ஒருநாள் "நீங்க டீச்சரா போயிருக்கணும் சேர்" என்றாள். அவர் சிரித்த அந்தச் சிரிப்பை, நாலு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் நான் கேட்டதில்லை. எனக்கு அவர் எதையும் விளக்கியதில்லை. எனக்கு எல்லாம் விளங்கும் என்று நினைத்துவிட்டார்.

ஆகவே அவளுடைய புள்ளி அவர் திரையில் விழாமல் செய்தேன். அவளுடையது மட்டும். அடுத்த கிழமை, "டோரின் இப்ப கெட்டிக்காரி" என்றார். கொஞ்சம் உறுத்தியது.

என் திரையில் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

செவ்வாய் மத்தியானம், டோரின் பார்க்கும் நோயாளி, பாமன்கடை நமசிவாயத்தாரின் இன்சுலின் அளவை டாக்டர் மாற்றி எழுதினார். பழையதற்குப் பதிலா, பழையதோடு சேர்த்தா என்று தெளிவில்லை. டோரின் பதினொரு தரம் எழுதி அழித்தாள். எண்ணினேன். கார்த்திகன் இரண்டடி தள்ளி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவள் "ஓகே டொக்டர்" என்று போட்டாள். புள்ளி அணைந்தது.

இரண்டு அளவையும் ஏற்றியிருக்கிறாள். மனிதர் பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டார்.

அவளை விட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர். செய்தது நான். கையெழுத்தும் போடுகிறேன். இந்த வாக்குமூலத் தாள் சிங்களத்தில் இருக்கிறது. எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் கார்த்திகன் வெளியில்தானே நிற்கிறார்? நாலு வருடமாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிடுகிறேன்.

"அவரை ஒருக்கா உள்ள வரச் சொல்லுங்கோ. மேனுகாவுக்கும் விளங்கேல்லையாம், பக்கத்தில இருந்து சொல்லித்தரட்டாம் எண்டு சொல்லுங்கோ."