ஒரு சோளம் எத்தனை சோளத்தைத் தொடும்?

— அண்ணா, சோளம் எப்படிச் சரியும்னு கணக்குப் போடுற புரோகிராம் மறுபடியும் நின்னு போச்சு. கிராஃபிக்ஸ் கார்டுல மெமரி பத்தலைன்னு சொல்லுது.

— பாப்பா, சொல்றதைக் கேளு. ஒரு சோளம் அதிகபட்சம் எத்தனை சோளத்தைத் தொடலாம்னு செட்டிங்ல ஒரு எண் இருக்குல்ல? அதைப் பாதியாக் குறை. சட்டுனு ஓடிரும்.

— ஓடும். ஆனா பொய் சொல்லும். பாதித் தொடுகையை மறைச்சிட்டா சோளம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கவே பிடிச்சுக்காது, தண்ணியா வழிஞ்சிரும். அங்க சைலோவுக்குள்ள, அவ்வளவு பெரிய தகரக் குதிருக்குள்ள, ஒரு ஆள் சோளத்துல புதைஞ்சு நிக்கிறாரு. விளையாட்டா?

— கத்தாத. தீயணைப்புக்காரங்க தகடு வெட்டுற மெஷினோட காத்துக்கிட்டு இருக்காங்க. சோளம் வடிய சுவரை எந்தப் பக்கம் வெட்டணும்னு கேக்கறாங்க.

— சோளம் அடைச்சிருக்கிறப்ப உள்ள இறங்கின மகராசன் யாரு?

— ஒரு புத்திசாலி. இந்த சைலோ அடைக்கவே அடைக்காதுன்னு நாம குடுத்த ரிப்போர்ட்டை நம்பிட்டான்.

— அந்த ரிப்போர்ட்டுக்கு இந்தக் கணக்கை நீங்கதானே ஓட்டினீங்க? அண்ணா... அப்பவும் எண்ணைக் குறைச்சீங்களா?

— அவசரப்படுத்தினாங்க. குறைச்சேன். திட்டணும்னா வீட்டுக்கு வந்தப்புறம் அண்ணியையும் சேத்துக்கிட்டுத் திட்டு.

— வாயில நல்லா வருது எனக்கு. இருங்க. முழு சைலோ வேண்டாம், அந்த ஆளைச் சுத்தி ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கறேன். எண்ணைக் குறைக்க மாட்டேன். இது மெமரிக்குள்ள அடங்கும்.

— சீக்கிரம்டி.

— ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?

— ஒரே தூசி. நீ ஸ்கிரீனைப் பாரு.

— அந்தத் தீயணைப்பு அதிகாரிகிட்ட போனைக் குடுங்களேன். நானே விளக்கமா...

— அவங்கல்லாம் மேல இருக்காங்க. என்கிட்ட சொல்லு, கத்திச் சொல்லிடறேன்.

— ஐயோ, ஓடிருச்சு! ஒரு பக்கம் மட்டும் வெட்டினா மொத்தமும் சரிஞ்சு ஆளை உள்ள இழுத்துருது. எதிரெதிரா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டினா மெதுவா வடியுது. அவர் நின்ன இடத்துலயே நிக்கிறாரு.

— ரெண்டு பக்கமும்! ஒரே நேரத்துல! ரெண்டு பக்கமும் வெட்டுங்க!

— காதே போச்சு. கேட்டுச்சா அவங்களுக்கு?

— கை காட்டிட்டாங்க. நல்லவேளை, பாப்பா. நீ நல்லா இருப்ப.

— இன்னும் முடியலை. வடியிற வரைக்கும் அவர் கொஞ்சம்கூட அசையக் கூடாது. பாவம், பயத்துல துள்ளிடப் போறாரு. முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க.

— அசையாமத்தாம்மா நிக்கிறேன். நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு.