லாக்வுட் வம்சத்தில் விட்டுப்போனவர்கள்

சித்தூரில் மே மாதம் தயிர் ஒரு மணி நேரத்தில் புளித்துவிடும் என்பார்கள். பொய். அரை மணி போதும். எங்கள் தெருவில் பல்லிகள்கூட செருப்பு போட்டுக்கொண்டுதான் நடக்கின்றன. அதனால் நீங்கள் வாங்கிக் கொடுத்த மோரை முதலில் குடித்துவிடுகிறேன், கோவர்த்தனன் சார். பிறகு எல்லாவற்றையும் சொல்கிறேன்.

"இன்னா நடந்துச்சோ, தமிழ்லயே நிதானமா சொல்லுங்க பெரியவரே" என்றீர்களே, அதிலேயே நீங்கள் நகரிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷம். ஓய்வு பெற்ற மனிதனை இவ்வளவு ஆர்வமாகப் பேசச் சொல்லும் இடம் ஆந்திராவிலேயே இந்த போலீஸ் ஸ்டேஷன் ஒன்றுதான்.

என் பெயர் இயேசுதாசன். ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். வெள்ளைக்காரன் காலத்துக் கையெழுத்து எப்படி இருக்கும் தெரியுமா? மையில் விழுந்த எறும்பு சாராயம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். அதைப் படிக்க இந்த ஜில்லாவில் மூன்று பேர்தான் இருந்தோம். மற்ற இருவரும் செத்துவிட்டார்கள். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஹெலன் லாக்வுட் என்ற அம்மா சபைக்கு மெயில் அனுப்பியபோது, எங்கள் சர்ச் போதகர், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஹெலனின் முன்னோர் கங்காதர நெல்லூர் பக்கம் நிலம் வாங்கி அவுரி பயிரிட்டு, நீலம் காய்ச்சி விற்றவர்கள். அந்த வம்சத்தில் யாராவது இங்கேயே தங்கிவிட்டார்களா என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தேடினேன். இரண்டு தலைமுறை இங்கேயே பிறந்து, கல்யாணம் கட்டி, மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். பெரிய லாக்வுட் துரை காலைப் பலகாரத்துக்கு ஒரு முழு ஆடு துன்னுவார், அவர் மீசையில் ரெண்டு கிளி கூடு கட்டியிருந்தது என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். பதிவேட்டில் அவருக்கு இருமல் இருந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேச முடியும்?

வம்சத்தின் கடைசி ஆள் மனைவி மக்களோடு சென்னையில் கப்பலேறிப் போய்விட்டார். இங்கே யாரும் இல்லை. அப்படியே ஹெலனுக்கு எழுதினேன், நேர்மையாக. நன்றி என்று பதில் வந்தது. விஷயம் முடிந்தது. முடிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு ரிட்டயர்டு மனிதன் என்ன செய்வான், சார்?

அப்போதுதான் ஜெர்ரி வந்தான். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மெக்கானிக். மிஷன் ஹாஸ்டல் வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தை, ஹாஸ்டலிலேயே வளர்ந்தவன். பூனைக் கண். ஹாஸ்டலில் எல்லாரும் வெள்ளைக்காரா என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"அங்கிள், ஐயர் சொன்னாரு நீங்க துரை வம்சத்தத் தேடிக்கினு இருக்கீங்கன்னு. என் கண்ணப் பாத்து சொல்லுங்க. நான் அந்த வம்சமா?"

"கண்ணு மட்டுமாடா? அந்த மூக்கப் பாரு. அப்படியே லாக்வுட் மூக்கு."

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அவன் முகம் அப்போது எப்படி ஆனது என்று உங்களுக்குக் காட்ட முடிந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நாற்பது வருஷமாக யாருமில்லாதவனுக்கு அரை நிமிஷத்தில் ஒரு குடும்பம் கொடுத்தேன். மறுநாளிலிருந்து டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டான். துரைமார் அப்படித்தான் குடிப்பார்களாம். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்து, "எங்க தாத்தா கதைய சொல்லுங்க அங்கிள்" என்று உட்கார்ந்துகொள்வான். நானும் சொல்லிக்கொண்டே போனேன். டீ கொண்டுவந்து வைத்தவள் என் மகள் தபிதா.

தபிதா திருப்பதியில் நர்ஸ். காலை பஸ்ஸில் போய் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். அவள் அம்மா போன பிறகு என் கதைகளுக்கு இருந்த காது அவளுடையதுதான். தட்டைக் கழுவிக்கொண்டே, "நைனா, நேத்து ஒரு கிளின்னு சொன்னீங்க, இன்னிக்கு ரெண்டாச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பகல் முழுக்கக் கிளிகளைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நைனா, நானும் ஜெர்ரியும் ஓலைக்குக் குடுத்துட்டோம். அவருக்குக் குப்பத்துல கிரானைட் கம்பெனில வேலை கெடச்சிருக்குது. நானும் அங்கியே ஆஸ்பத்திரி பாத்துக்கிறேன்."

ஓலை என்றால் உங்களுக்குத் தெரியாது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஐயர் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரியுமா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். நான் முதல் வரிசையில் உட்காருகிறவன். முதல் ஞாயிறு வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் திறக்கவில்லை. வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஞாயிறு மத்தியானம் ஜெர்ரிக்கு அடக்கப் பதிவேட்டைப் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எட்வர்ட் லாக்வுட், காய்ச்சல், வயது முப்பத்தொன்பது. அவர் தம்பி, குதிரையிலிருந்து விழுந்து, முப்பத்தெட்டு. அடுத்தவர் பாம்பு கடித்து. நான்காமவர் காலரா, அவருக்கும் நாற்பது ஆகவில்லை. எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்து நான் மாற்றவில்லை. அதே பக்கங்களில் எழுபதும் எண்பதும் கண்டு படுக்கையில் செத்த ஆண்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களை வாசிக்கவில்லை. படிக்கிறவன் எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

நீலக் கை மட்டும் என் சொந்தச் சரக்கு. தொட்டியில் நின்று அவுரியைக் கலக்கிய கூலிக்காரி ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, துரை வீட்டுச் சுவரில் நீலக் கையை அறைந்து, உன் வம்சத்து ஆம்பளை எவனும் நாப்பது பாக்க மாட்டான் என்றாள். சாகப் போகிறவனுக்கு முதலில் நகம் நீலமாகும். நல்லாயில்லை? ஹாஸ்டல் எழுதி வைத்த தேதிப்படி ஜெர்ரிக்கு அடுத்த மாதம் நாற்பது முடிய இருந்தது. அவன் டீயைக் குடிக்காமல் எழுந்துபோனான்.

மூன்றாவது ஞாயிறு ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்றார். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றான்.

"தடை இருக்குது ஐயரே. நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் குளிர் விட்டுப்போச்சு என்று ஒருவர் சொன்னார். தபிதா மட்டும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை, சார். என்னைப் பார்த்தாள்.

அன்று வீட்டில் கேட்டாள்: "அவருக்கு இன்னா சொன்னீங்க நைனா?"

"பதிவேட்டுல இருக்கிறதப் படிச்சேன்மா."

"சரி. அவர் நாப்பது தாண்டட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமையே மறுபடியும் ஓலை படிக்கச் சொல்றேன். அப்ப நீங்க இன்னா படிக்கிறீங்கன்னு பாக்குறேன்."

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதுவரை அது ஒரு கதை. அதற்குப் பிறகு அது ஒரு தேதி.

தபிதா அவனைத் திருப்பதிக்கு இழுத்துப் போய் டாக்டரிடம் காட்டினாள். பிரஷர் ஏறியிருக்கிறது, மாத்திரையை விடாமல் போடு, எண்பது வரை இருப்பாய் என்றாராம். மாத்திரையை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "டாக்டருக்கு வம்சம் தெரியாது பாரு" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான். அவன் நிறுத்திவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு என்றால், அந்த வாரமே. தூக்கம் போனது. சோறு போனது. பேசும்போது நகத்தையே திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

பிறந்தநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து, "ஒரு தடவ கல்லறையக் காட்டுங்க அங்கிள், அவங்க எல்லாரையும் பாத்துட்டு வந்துட்றேன்" என்றான். மத்தியான வெயில். நகருக்கு வெளியே அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆடுகூட மேயாது. நான்கு கல்லையும் வரிசையாகக் காட்டினேன். அவன் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, களைத்துப் போய் கொடி மூடிய ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எல்லாரும் இப்படித்தானா அங்கிள்? ஒருத்தர்கூட தப்பிக்கலியா? பொய்யின்னு சொன்னாலும் நான் கோச்சிக்க மாட்டேன்."

அவன் சாய்ந்திருந்த கல் தாமஸ் லாக்வுட்டுடையது. எண்பத்து நாலு வயது. கொடியைக் கொஞ்சம் விலக்கினால் போதும். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒரு கதையைக் கடைசிவரை நம்பிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன் முன்னால் அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். வியர்வை சட்டையை நனைத்தது. "108க்குப் போடுங்க அங்கிள்" என்றான், ரொம்ப மரியாதையாக. போன் என் பையில் இருந்தது. "பொறுடா" என்றேன். அவன் கையை என் கையில் எடுத்துப் பார்த்தேன். நகம் நீலமாகிக்கொண்டிருந்தது. என் கதை எதுவும் அதற்கு முன் அவ்வளவு சுத்தமாகப் பலித்ததில்லை, சார்.

அப்போது போன் அடித்தது. தபிதா. சாப்பாட்டு இடைவேளை.

"நைனா, துன்னீங்களா?"

"தயிர்ச் சோறு துன்னேன்மா."

"ஜெர்ரி போன எடுக்க மாட்டேன்றாரு. அங்க வந்தாரா?"

ஜெர்ரி அவள் குரலைக் கேட்டான். என் வேட்டி ஓரத்தைப் பிடித்தான். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

"வரலியேம்மா. குப்பம் போயிருப்பான்" என்றேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆடு மேய்க்கிறவர் யாரோ மறுநாள் பார்த்திருக்கிறார். ஆடு மேயாது என்றேன், கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். அடக்கம் முடிந்து தபிதா தனியாக அந்த இடத்துக்குப் போய், கொடியைப் பிய்த்துக் கல்லைப் படித்தாளாம். பிறகு ஐயர் வீட்டில் உட்கார்ந்து பதிவேடு முழுக்க எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாளாம். என் மகள் அல்லவா.

அன்றிலிருந்து மத்தியானங்களில் அவர்கள் வருகிறார்கள். நான் வாசிக்காமல் விட்ட ஏழு பேரும். நன்றாகக் கிழடு தட்டியவர்கள், கைத்தடியோடு. இருப்பதே மூன்று நாற்காலி. மற்றவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள். தங்கள் பெயரையும் வயதையும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். வாசிக்கிறேன். முடிந்ததும் எல்லாரும் வாசலைப் பார்க்கிறார்கள். அங்கே எட்டாவதாக ஒருவன் நிற்கிறான். பூனைக் கண். அவனுக்கு வாசிக்க என்னிடம் வரி இல்லை. அவன் அந்த வம்சமே இல்லையே. அதைச் சொன்னால் போய்விடுவான். சொல்ல வாய் வரவில்லை.

புகார் கொடுத்தது தபிதாதான் என்கிறீர்கள். இருக்கட்டும், கோபம். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள், இனி வர மாட்டாள் என்கிறீர்கள். நைட் டூட்டியாக இருக்கும். பஸ் வருகிற நேரம் ஆகிறது. நான் போய் வாசல் விளக்கைப் போட வேண்டும். அவளுக்கு இருட்டு ஆகாது.

கையெழுத்துப் போடுகிறேன். ஜெர்ரி செத்தது என்னால்தான், நான் தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி, சார். இதைத் தபிதாவுக்குப் படித்துக் காட்டுவீர்கள் அல்லவா? அவள் போன் பண்ணியபோது அவனுக்கு உயிர் இருந்தது என்கிற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். எல்லாம் உண்மை.